கீபோர்டை மூடிவிட்டுப் பத்து நிமிடம்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் கீபோர்டும் வயலினும் கிட்டாரும் சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கு,



கொரட்டூரிலிருந்து பட்டாபிராம் வரைக்கும், இந்தப் பக்கம் போரூர் தாண்டிப் பூந்தமல்லி, திருமழிசை வரைக்கும், ‘மியூசிக் கிளாஸ்’ பலகை தொங்காத பெரிய தெரு அரிதாகிவிட்டது. தொழிற்பேட்டையிலும் டாங்க் தொழிற்சாலையிலும் வேலை பார்க்கும் பெற்றோர், தங்களுக்குக் கிடைக்காத ஒன்று பிள்ளைகளுக்காவது கிடைக்கட்டும் என்று மாதாமாதம் ஃபீஸ் கட்டுகிறார்கள். பிள்ளைகள் டிரினிட்டி கிரேடு, ஏபிஆர்எஸ்எம் கிரேடு என்று படிப்படியாக ஏறுகிறார்கள். மேற்கத்திய இசை இந்தத் தெருக்களுக்குள் வந்தது சபாக்களாலும் இல்லை, கன்சர்வேட்டரிகளாலும் இல்லை. மாடி அறையில் மாலை நேரத்தில் வகுப்பெடுக்கும் உங்களால்தான். அந்த மரியாதையோடு ஒரே ஒரு கோரிக்கை வைக்கிறேன். மாதத்தில் ஒரு வகுப்பில், கீபோர்டை மூடிவிட்டு, வயலினைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, க்ளோத் டெபுசி என்ற பிரெஞ்சுக்காரர் எழுதிய பத்து நிமிட ஆர்க்கெஸ்ட்ரா இசை ஒன்றைப் பிள்ளைகளோடு சேர்ந்து முழுசாகக் கேளுங்கள். எதற்காக என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் அடிப்படையான கேள்வி. மேற்கத்திய இசை ஒரு தமிழ்ப் பிள்ளைக்குப் புதிதாக என்ன தருகிறது? மெலடி என்று சொல்ல முடியாது. ஒரு ராகத்தை எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் ஆலாபனை செய்கிற மரபுக்கு மெலடியை யாரும் இறக்குமதி செய்து தர வேண்டியதில்லை. தாளமும் அப்படித்தான், கண்ட நடையும் சங்கீர்ண நடையும் பழகிய மிருதங்க மாணவனுக்கு கிரேடு புத்தகத்தின் நாலுக்கு நாலு ஒரு பொருட்டே இல்லை. நொட்டேஷன் நல்ல கருவி, ஆனால் அது எழுத்து, இசை அல்ல. ஹார்மனி புதிதுதான். என்றாலும் ஆரம்ப கிரேடுகளில் வரும் நாலைந்து கார்டுகளை சினிமாப் பாட்டு ஏற்கெனவே நம் காதில் ஏற்றிவிட்டது. மிச்சமிருப்பது ஒன்று: வாத்தியங்களின் நிறத்தை அறிந்து கலக்கும் வித்தை. அதே சுருதியில் அதே சுரத்தைப் புல்லாங்குழல் ஊதினால் ஒன்று, ஓபோ ஊதினால் வேறொன்று, இரண்டும் சேர்ந்து ஊதினால் இரண்டிலும் இல்லாத மூன்றாவது ஒன்று. நம் கச்சேரியில் நிறம் இல்லாமல் இல்லை. ஆனால் அங்கே குரல் முன்னால் போக, வயலின் நிழலாகத் தொடர்வதுதான் பக்கவாத்தியத்தின் பெருமை. எந்த வாத்தியத்தோடு எதைச் சேர்த்தால் என்ன ஒலி பிறக்கும் என்பது அங்கே தனிப் பாடமாக இல்லை. ஐரோப்பாவில் அது தனிப் பாடமாகவே வளர்ந்தது. பெர்லியோஸ் 1840களிலேயே அதற்கென்று பெரிய நூல் எழுதினார். அப்போதும்கூட, மெலடியையும் ஹார்மனியையும் கட்டி முடித்த பிறகு மேலே பூசும் பூச்சாகவே பெரும்பாலானவர்கள் நிறத்தை நினைத்தார்கள். பூச்சையே சுவராக்கியவர் டெபுசி. அதனால்தான் கோரிக்கை பாக், பீத்தோவனைப் பற்றியதாக இல்லாமல் இவரைப் பற்றியதாக இருக்கிறது.

படைப்பின் பிரெஞ்சுத் தலைப்பு நீளமானது: ‘ப்ரெலூட் அ லாப்ரே-மிடி துன் ஃபோன்’ (Prélude à l’après-midi d’un faune). ஸ்தெஃபான் மலார்மேயின் கவிதை ஒன்றுக்கு முன்னிசையாக எழுதப்பட்டது. ஆட்டுக்காலும் கொம்பும் உள்ள வனதேவன் ஒருவன் வெயில் மயக்கத்தில், கண்டது கனவா நிஜமா என்று தெரியாமல் கிடக்கும் ஒரு பிற்பகல்தான் கவிதையின் விஷயம். இந்த மடலில் அதை ‘பிற்பகல்’ என்றே குறிப்பிடுகிறேன். 1894 டிசம்பர் 22ஆம் தேதி பாரிஸில் முதன்முதலாக வாசிக்கப்பட்டது. கேட்டவர்கள் அங்கேயே மறுபடி வாசிக்கச் சொன்னார்கள். இம்ப்ரஷனிசம் என்று ஓவியத்திலிருந்து எடுத்து ஒட்டப்பட்ட பெயர் டெபுசிக்குப் பிடிக்கவில்லை. நமக்கும் அந்தப் பெயர் பெரிதாகத் தேவைப்படாது.

இசை தொடங்குவது ஒற்றைப் புல்லாங்குழலில். அடியில் கார்டு இல்லை, தாளமில்லை, எந்தத் துணையும் இல்லை. முதல் சுரம் சி ஷார்ப். மேற்கத்தியக் குழலில் இந்தச் சுரத்துக்கு ஏறக்குறைய எல்லாத் துளைகளும் திறந்திருக்கும். அதனால் காற்று கலந்த, பிடிமானம் குறைந்த ஒலி வரும். குழல்காரர்கள் சரிக்கட்டப் பாடுபடும் சுரம் அது. அந்த பலவீனத்தையே டெபுசி தன் தொடக்கமாக எடுத்துக்கொள்கிறார். சாதாரண கீபோர்டில் ‘ஃப்ளூட்’ பொத்தானை அழுத்தி அதே வரியை வாசித்துப் பாருங்கள். சுரம் அத்தனையும் சரியாக இருக்கும். மேலேயும் கீழேயும் ஒரே மொழுமொழுப்பு, மூச்சு எங்கே எடுத்தார்கள் என்றே தெரியாத ஒலி. இதில் கீபோர்டைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அதன் வேலை வேறு. ஆனால் அந்தப் பொத்தான் வரிசையிலிருந்தே வாத்தியங்களை அறிந்த பிள்ளை, நிறம் என்பது பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் சமாச்சாரம் என்று நம்பிவிடுகிறது. மூங்கில் குழலில் ஒரே சுரத்தை உதட்டையும் ஊதும் கோணத்தையும் மாற்றி எத்தனை விதமாகப் பேசவைக்கலாம் என்பது நம் ஊர்க் குழல் மாணவனுக்குத் தெரியும். கீபோர்டு மாணவனுக்கு அது தெரிய வழியே இல்லை. ‘பிற்பகல்’ அந்த வழியை முதல் அரை நிமிடத்திலேயே திறக்கிறது.

என் வாதத்தின் மையம் அடுத்து நடப்பதில் இருக்கிறது. அந்தக் குழல் வரி பத்து நிமிடத்துக்குள் திரும்பத் திரும்ப வருகிறது. கர்நாடக இசையில் பல்லவி திரும்ப வரும்போது என்ன ஆகும்? சங்கதி விழும், ஒவ்வொரு தடவையும் மெட்டே கொஞ்சம் கொஞ்சமாகச் செழிக்கும், அடியில் சுருதி அசையாமல் நிற்கும். டெபுசி இதைத் தலைகீழாகச் செய்கிறார். மெட்டின் தலைப்பை ஏறக்குறைய அப்படியே விட்டுவிட்டு அடிநிலத்தை மாற்றுகிறார். முதல் முறை அந்த சி ஷார்ப்புக்கு அடியில் ஒன்றுமே கிடையாது. இரண்டாம் முறை அதே சி ஷார்ப்பின் கீழே தந்திகள் மெல்லிய நடுக்கத்தோடு டி மேஜரைப் பிடிக்கின்றன. டி-யை ஆதார ஷட்ஜமாக வைத்தால் அந்தச் சுரம் இப்போது காகலி நிஷாதம். மூன்றாம் முறை ஹார்ப் ஓட, இ மேஜர் விரிகிறது. சுரம் மாறவில்லை, ஆனால் அது சதுஸ்ருதி தைவதமாகிவிட்டது. கிரக பேதம் தெரிந்த எவருக்கும் இது என்னவென்று உடனே புரியும். சுரம் இருந்த இடத்திலேயே இருக்க, ஷட்ஜம் நகர்ந்து, அதன் முகம் மாறுகிறது. கூடவே நிறமும் மாறுகிறது: ஒருமுறை குழல் தனியாக, ஒருமுறை தந்திகளின் மேல், ஒருமுறை ஹார்ப்போடு; பின்னால் அதே வரியை ஓபோ வாங்கிக்கொள்கிறது; முடிவை நெருங்கும்போது ஒற்றை செல்லோ குழலோடு சேர்ந்து இழைகிறது. குழலும் செல்லோவும் சேர்ந்த அந்த இடத்தை ஒரு பிள்ளை தன் காதால் பிரித்துச் சொல்லிவிட்டால், ஒரு வருடத்து ஆரல் பயிற்சி செய்யாததைச் செய்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

வாத்தியப் பட்டியலும் பாடம்தான். இதில் ட்ரம்பெட் இல்லை, ட்ராம்போன் இல்லை, பெரிய முழவான டிம்பனியும் இல்லை. மூன்று புல்லாங்குழல், இரண்டு ஓபோ, ஒரு கோர் ஆங்க்லே, இரண்டு கிளாரினெட், இரண்டு பசூன், நான்கு ஹார்ன், இரண்டு ஹார்ப், தந்திக் கூட்டம். தாள வாத்தியம் என்று இருப்பது சுருதி சேர்த்த சிறு வெண்கலத் தாளம் மட்டுமே. பழைய மத்தியதரைக் கடல் நாடுகளின் தாளத்தைப் பார்த்துச் செய்தது, பார்வைக்கு நம் குழித்தாளத்தின் பங்காளி. அது முக்கால் பங்கு நேரம் சும்மா இருந்துவிட்டுக் கடைசிப் பகுதியில்தான் வாயைத் திறக்கிறது. அத்தனை பேரை மேடையில் உட்காரவைத்துவிட்டு எதை ஒலிக்காமல் வைத்திருப்பது என்று தீர்மானிப்பதும் நிறம் கலக்கும் வித்தையில் சேர்ந்தது.

இனி, உங்கள் பக்கத்திலிருந்து வரக்கூடிய ஆட்சேபங்கள். முதலாவது, நேரம். வாரத்துக்கு இரண்டு வகுப்பு. அதற்குள் ஸ்கேல், மூன்று பீஸ், சைட் ரீடிங், ஆரல். தேர்வுக்கு வராததைக் கேட்கவைத்தால் பெற்றோர் என்ன சொல்வார்கள்? நியாயமான கவலை. ஆனால் தேர்வுக்கு அது வரவே இல்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. மேல் கிரேடுகளில் ஒரு பகுதியை வாசித்துக்காட்டி அதன் பாணி, காலம், கட்டமைப்பு பற்றிப் பேசச் சொல்கிறார்கள். அந்த வாசிப்பு பெரும்பாலும் பியானோவில்தான். எட்டு கிரேடு முடித்து டிப்ளமா வரைக்கும் போன மாணவன்கூட ஓபோவையும் கிளாரினெட்டையும் காதால் பிரித்தறியாமலே சான்றிதழ் வாங்கிவிட முடியும். தேர்வு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. தன்ராஜ் மாஸ்டரிடம் பாடம் கேட்ட இளையராஜாவும் டிரினிட்டியின் கிட்டார் தேர்வை எழுதித் தேறியவர்தான். அவரை இளையராஜா ஆக்கியது அந்தச் சான்றிதழ் அல்ல என்பதிலும் யாருக்கும் சந்தேகம் இருக்காது. மாதம் பத்து நிமிடம், கேட்டதைப் பேச இன்னொரு பத்து நிமிடம் கேட்கிறேன். ஒரு மாதத்து வகுப்பு நேரத்தில் அது எந்தப் பங்கு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. நிறம் கலப்பது நமக்குத் தெரியாதா, சினிமாப் பாட்டின் இடையிசையைக் கேட்டு வளர்ந்த காதுகள்தானே இவை என்று கேட்பீர்கள். ஒத்துக்கொள்கிறேன், இளையராஜாவின் இடையிசைகள் இல்லாவிட்டால் இந்த மடலை எழுதும் துணிச்சலே எனக்கு வந்திருக்காது. வயலின் கூட்டமும் குழலும் எப்படிச் சேரும் என்ற ருசியை ஒரு தலைமுறைத் தமிழருக்குக் காட்டியவை அவை. ஆனால் இரண்டு விஷயம். இடையிசை என்பது அரை நிமிடம். பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில், அடுத்து வரும் சொற்களுக்கு வழிவிட்டு ஒதுங்க வேண்டிய இசை. நிறத்தாலேயே பத்து நிமிடம் ஒரு கட்டடத்தை நிறுத்தும் வாய்ப்பு அங்கே கிடைப்பதில்லை. இன்னொன்று, இன்றைய பதிவுமுறை. ஒரே அறையில் முப்பது நாற்பது பேர் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் கேட்டு வாசித்த காலம் கோடம்பாக்கத்தில் ஏறக்குறைய முடிந்துவிட்டது. ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பதிந்து, மிக்ஸிங்கில் சேர்க்கிறார்கள். நல்ல இசை அப்படியும் வருகிறது, மறுக்கவில்லை. கலவை மட்டும் வாசிப்பவர்களின் காதிலிருந்து கன்சோலுக்கு இடம் மாறிவிட்டது. 2025 மார்ச் 8ஆம் தேதி லண்டனில் இளையராஜாவின் ‘வேலியன்ட்’ சிம்பொனி அரங்கேறியபோது தமிழ்நாடே கொண்டாடியது. கொண்டாடிய நம்மில் எத்தனை பேருக்கு, பாட்டு இல்லாமல், ஒரு நீண்ட ஆர்க்கெஸ்ட்ரா இசையைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை பின்தொடரும் பழக்கம் இருக்கிறது? அந்தப் பழக்கத்தைச் சின்ன வயதில் ஏற்படுத்தக்கூடிய இடம் உங்கள் வகுப்பறை ஒன்றுதான்.

அப்படியானால் ரவேலின் ‘பொலேரோ’வைப் போடலாமே, பிள்ளைகளுக்கு அது உடனே பிடிக்குமே என்று விஷயம் தெரிந்த ஒருவர் கேட்கலாம். ஒரே மெட்டு வாத்தியம் மாற்றி மாற்றி வருகிறது. நிறப் பாடத்துக்கு அதைவிடச் சுலபமான புத்தகம் கிடையாது. தாராளமாகப் போடுங்கள், இரண்டாவதாக. அங்கே ஆதாரம் கடைசிக் கட்டம் வரைக்கும் அசைவதே இல்லை, ஒலி ஏறிக்கொண்டே போகிறது. மெட்டுக்குச் சட்டை மட்டும் மாறுகிறது. ‘பிற்பகல்’ காட்டும் அந்த இன்னொரு பாதியை, அடிநிலம் நகர்ந்து சுரத்தின் முகம் மாறுவதை, பொலேரோ சொல்லித்தராது.

மூன்றாவது ஆட்சேபம் மரபின் பக்கமிருந்து வரும். நமக்கே இருக்கும்போது பிரெஞ்சுக்காரன் எதற்கு? சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் குழலின் வழியே யாழும், யாழின் வழியே தண்ணுமையும், அதன் பின்னே முழவும் நின்று, எல்லாம் இசைந்து ஒன்றாவதை இளங்கோவடிகள் வரிசையாக வைத்துச் சொல்லியிருக்கிறார். பெரிய மேளத்தில் நாகஸ்வரத்தின் பின்னால் ஒத்து நிற்பது நிறக்கலப்பு இல்லையா? கண்டிப்பாக நிறக்கலப்புதான். ஆனால் திருமுல்லைவாயில் கோயில் வாசலில் மேளம் ஒலிக்கும்போது நாகஸ்வரத்தையும் ஒத்தையும் தனித்தனியாகக் கேட்கும் பிள்ளை எத்தனை? ராகம் என்ன என்று கேட்பவர் உண்டு. ஒலி எதனால் அப்படி இருக்கிறது என்று கேட்பவர் அபூர்வம். நிறத்தைக் கேட்கப் பழகிய காதுக்கு முதல் லாபமே நம் மேளம்தான்.

இதே ஆட்சேபத்துக்கு இன்னும் கூர்மையான வடிவம் ஒன்று உண்டு: இந்த பிரெஞ்சுக்காரர்கள் கீழை நாடுகளைச் சுரண்டி, அங்கிருந்து எடுத்ததை அத்தர் மாதிரித் தங்கள் மேடையில் தெளித்துக்கொண்டவர்கள்தானே? பாதி உண்மை. 1889 பாரிஸ் கண்காட்சியில் ஜாவாவின் காமெலான் இசையை டெபுசி கேட்டார். அந்தக் கண்காட்சி காலனிகளைக் காட்சிப்பொருளாக நிறுத்திய இடம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. நமக்கு நெருக்கமான உதாரணம் மோரிஸ் டெலாஜ். ரவேலின் மாணவர், நண்பர். 1911-12இல் இந்தியாவுக்கு வந்து போனவர். அந்தப் பயணத்தையொட்டிக் குரலோடு ஒரு சின்ன வாத்தியக் குழுவுக்காக நான்கு பாட்டு எழுதினார். முதல் பாட்டின் பெயரே ‘மெட்ராஸ்’. 1914 ஜனவரி 14ஆம் தேதி பாரிஸில் ரவேல், ஸ்ட்ராவின்ஸ்கி ஆகியோரின் புதுப் பாடல்களோடு ஒரே நிகழ்ச்சியில் அவை அரங்கேறின. அந்த ‘மெட்ராஸ்’ பாட்டில் தமிழ் ஒரு சொல்கூட இல்லை. பர்த்ருஹரியின் சமஸ்கிருதக் கவிதை பிரெஞ்சில் வருகிறது. ‘லாகூர்’ பாட்டுக்கு வார்த்தை தந்தவர் ஜெர்மானியக் கவிஞரான ஹைனே. ஊர்ப்பெயர்கள் வெறும் முத்திரை என்றால் மறுக்க மாட்டேன். ஆனால் அதே ‘லாகூர்’ தொடங்கும்போது செல்லோக்காரர் தந்தியை மீட்டிவிட்டு விரலை வழுக்கி இழுக்கிறாரே, அது சிதார் கலைஞர் இம்தாத் கானின் இசைத்தட்டைக் காது கொடுத்துக் கேட்டவரால் மட்டுமே எழுத முடிந்தது. அதுவரை ஐரோப்பிய செல்லோ அப்படிப் பேசிப் பழகியதில்லை.

டெலாஜின் ‘ராகமாலிகா’ இன்னும் ஒரு படி மேலே. கோயம்புத்தூர் தாயி, இயற்பெயர் பழனிகுஞ்சரம், 1872இல் பிறந்து 1917இல் மறைந்த தேவதாசி மரபுப் பாடகி. கிராமபோன் கம்பெனிக்கு ஏராளமான இசைத்தட்டுகள் தந்தவர். அவர் பாடிய அருட்பா இசைத்தட்டைத்தான் டெலாஜ் குரலுக்கும் பியானோவுக்குமாக எழுதினார். பியானோவின் ஒலி தாளவாத்தியத்துக்கு ஒத்துவரவில்லை என்று பட்டதும், ஒரு பி ஃப்ளாட்டின் கம்பிகளுக்கு அடியில் அட்டையைச் செருகச் சொன்னார். தோல்முழவின் ஒலிக்காக பியானோவையே கெடுத்துக்கொண்டார். 1940 வாக்கில் ஜான் கேஜ் பியானோவுக்குள் திருகாணியும் ரப்பரும் செருகியபோது உலகம் அதைப் புதுமை என்றது. அட்டை ஏற்கெனவே அங்கே இருந்தது, வள்ளலார் பாட்டுக்காக. திருமுல்லைவாயில் இறைவனுக்கும் தனியாக விண்ணப்பப் பதிகம் பாடியவர் அந்த வள்ளலார் என்பதை, அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவில் வகுப்பெடுக்கும் உங்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. சுரண்டல் என்ற குற்றச்சாட்டை எடைபோடும்போது இதையும் தட்டில் வையுங்கள். தாயியின் குரலில் அந்தக் காலத்து பாரிஸ்காரர் ஒருவர் கேட்டது சுரங்களை மட்டுமல்ல, நிறத்தை. நம்மிலேயே எத்தனை பேர் அவர் இசைத்தட்டுகளை அப்படிக் கேட்டிருக்கிறோம்? இணையத்தில் தேடினால் அவர் குரல் இப்போதும் கிடைக்கிறது. ‘பிற்பகல்’ கேட்கும் மாதத்துக்கு அடுத்த மாதம் தாயியை ஒலிக்கவிடுங்கள், பிறகு டெலாஜை. அவர் எதை எடுத்தார், எதைத் தவறவிட்டார் என்று பிள்ளைகளே சொல்லட்டும். கமகங்கள் பியானோவில் எப்படி மொட்டையாகின்றன என்பதை வயலின் மாணவர்கள் முதலில் கண்டுபிடிப்பார்கள் என்பது என் கணிப்பு.

செய்முறை பற்றிக் கொஞ்சம். கைபேசியின் ஸ்பீக்கரில் போடாதீர்கள். செல்லோவும் ஹார்னும் அதில் காணாமல் போய்விடும். வகுப்பில் இருக்கும் ஆம்ப்ளிஃபயரில் ஒயர் செருகினால் போதும். தொடக்கம் மிக மெதுவான ஒலி. மின்விசிறியை நிறுத்தினால் புழுங்கும், நிறுத்தாவிட்டால் முதல் குழல் கேட்காது, முடிவு உங்களுடையது. முதல் தடவை எதுவும் விளக்க வேண்டாம். இரண்டாம் தடவை குழல் வரி தொடங்கும்போதெல்லாம் கை தூக்கச் சொல்லுங்கள். மூன்றாம் தடவை, அடியில் யார் என்று கேளுங்கள். ‘ட்யூன் இல்லையே சார்’ என்று எவனாவது சொன்னால், ட்யூன் எத்தனை முறை வந்தது என்று எண்ணும் பொறுப்பை அவனிடமே கொடுத்துவிடலாம். கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு டெபுசியின் ‘லா மேர்’ இருக்கிறது. 1905இல் அரங்கேறிய கடல் இசை. அதன் ஆரம்ப வேலைகளைக் கடலிலிருந்து தொலைவான உள்நாட்டு ஊரில்தான் அவர் செய்தார். 1909இல் இந்தியாவைச் சுற்றிய அல்பெர் ரூசெல், எல்லோரா, ஜெய்ப்பூர், காசி மூன்றையும் நினைத்து எழுதிய ‘எவோக்காசியோன்’ அதற்குப் பிறகு.

ஆண்டு விழாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேடையில் இருபது கீபோர்டு வரிசையாக நின்று, ஒரே சினிமாப் பாட்டை, ஒரே ‘வாய்ஸ்’ பொத்தானில், ஒரே நேரத்தில் வாசிப்பதுதான் இப்போதைய வழக்கம். இந்த வருடம் ஒரு பாட்டை மட்டும் மாற்றிப் பாருங்கள். அதே பல்லவியை நான்கு முறை: ஒருமுறை யாரும் கூட இல்லாமல் ஒரே ஒரு வயலின், ஒருமுறை குழலும் கிட்டாரும், ஒருமுறை கீபோர்டு வேறொரு ஆதாரத்தைப் பிடிக்க அதன் மேல் வயலின் எல்லாம். நாலாவதை வகுப்பிலேயே சின்னப் பிள்ளையிடம் விட்டுவிடுங்கள். யார் வாசிக்க வேண்டும், யார் சும்மா இருக்க வேண்டும் என்று அவள் சொல்லட்டும்.

அன்புடன்,
உங்கள் வட்டாரத்து இசை ரசிகன்